எண்ணெய்க்குப் பதிலாகப் பொரி

கடலில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒத்திகை நடத்திக் காட்டும்படி எனக்கு உத்தரவு வந்தது. அதே உத்தரவின் இரண்டாவது வரியில், ஒத்திகையின்போது ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கடலில் விழக் கூடாது என்று போட்டிருந்தது. எழுதிய மகராசன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் கேட்டிருப்பேன். எண்ணெய் இல்லாமல் நான் எதை ஐயா வளைத்துப் பிடிப்பது?

எழுபதுகளின் பிற்பாதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதன் ஒரு மூலையில் கடற்படைக்கென்று சின்னதாக ஒரு ஜெட்டி, அதாவது கப்பல் அணையும் மேடை, ஒதுக்கியிருந்தார்கள். ரோந்துக் கப்பல்கள் வரும், எண்ணெய் நிரப்பும், பழுது பார்த்துக்கொண்டு போகும். அங்கே எனக்குப் பாதுகாப்பு உதவியாளர் வேலை. தீப்பிடிக்காமல் பார்க்க வேண்டும், ஆள் தண்ணீரில் விழாமல் பார்க்க வேண்டும், கடல் அழுக்காகாமல் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் செய்வதற்கு எனக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள்.

அந்த விசிலை ஒரு பயல் மதிக்கவில்லை. 'புகை பிடிக்காதே' என்று சிவப்பில் எழுதி ஒரு பெரிய தகரப் பலகை வைத்தேன். அந்த ஜெட்டியில் வேறு நிழலே கிடையாது. ஆகவே எல்லோரும் அந்தப் பலகையின் நிழலில் வந்து நின்றுதான் பீடி பிடித்தார்கள். தீயணைக்க மணல் நிரப்பிவைத்த வாளிகளில் வெற்றிலை எச்சில் துப்பினார்கள். நான் தொண்டை கிழியக் கத்துவேன். "சரி, விடும்வே, ரத்தம் கொதிச்சுச் செத்துப் போவீரு" என்று என் உடல்நலத்தில் அக்கறை காட்டுவார்கள்.

எனக்கு முதல் எதிரி பழுதுபார்க்கும் பட்டறையின் போர்மேன் அண்ணாச்சி. ஐம்பது வயது, கனத்த மீசை, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். என்ஜினைக் கழுவுகிற மண்ணெண்ணெயும் கழிவு ஆயிலும் காலங்காலமாகக் கடலுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு சொட்டு போகக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு வருஷம் இதே சண்டை. கழிவு ஆயிலைப் பிடித்துவைக்க நான் பீப்பாய் வாங்கிப் போட்டேன். அவர் அதைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தார். மறுபடி நிமிர்த்தி வைத்தேன். ஒரு நாள் அவர் ஆட்கள் வாளியோடு ஜெட்டி விளிம்புக்கு வந்தபோது, குறுக்கே கையை விரித்துக்கொண்டு நின்றேன். வாளி என் மேல் கவிழ்ந்தது. அந்தச் சட்டையோடேயே பெரிய ஆபீசுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பீப்பாய் நிமிர்ந்தே நின்றது. எங்கள் பேச்சுவார்த்தைதான் கவிழ்ந்தது.

இப்படியிருக்கும்போதுதான் அந்த ஒத்திகை உத்தரவு. பார்வையிட ஒரு கமாண்டர் வருகிறார், அவர் எழுதுவதைப் பொறுத்து என் வேலை நிலைக்கும், இல்லையென்றால் அந்த வேலையையே எடுத்துவிடுவார்கள் என்று பெரிய ஆபீசில் சொன்னார்கள். நாசரேத்தில் தலைமையாசிரியராக இருந்த என் அப்பாவுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. வாரம் ஒரு கார்டு போடுவார். "கடலுக்குக் காவல் இருந்தது போதும். இங்கே மூன்றாம் வகுப்பு காலியாக இருக்கிறது." மூன்றாம் வகுப்பு! அறுபது பிள்ளைகளுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு! அந்த விசிலையும் உப்புக்காற்றையும் விட்டுவிட்டு நான் எங்கும் போவதாக இல்லை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சரி, எண்ணெய்க்குப் பதிலாக எதை மிதக்கவிடுவது? உமி காற்றில் பறந்து கமாண்டரின் கண்ணில் விழும். மரத்தூள் ஊறி முங்கிவிடும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், மிதக்கிற சாமான் ஏதாவது கிடைக்குமா என்று பட்டறைக்குப் போனேன். ஆயுத பூஜை முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கடைசல் இயந்திரத்தின் நெற்றியில் சந்தனம் அப்படியே இருந்தது. மூலையில் இரண்டு சாக்குப் பொரி கிடந்தது. பூஜைக்கு வாங்கிப் பங்குவைத்தது போக மிச்சம்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. பொரி மிதக்கும். வெள்ளையாகத் தெரியும். கடலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

"அண்ணாச்சி, அந்தப் பொரியைக் குடுப்பீயளா?"

அவர் பென்சிலை எடுத்து மீசையைச் சொறிந்தார். "வருஷா வருஷம் பொட்டலம் நீட்டுனா, 'சாமிக்குப் படைச்சதைக் கிறிஸ்தவங்க திங்கக் கூடாதுன்னு எங்க அம்மை சொல்லியிருக்கா'ன்னு சொல்லுவீரு. இப்ப சாக்கோட கேக்கீரு?"

"திங்கதுக்கு இல்ல. கடல்ல போடணும்."

"ஒரு சொட்டு ஆயில் ஊத்துனா குத்தம். ரெண்டு சாக்குப் பொரியைக் கொட்டுனா குத்தமில்லையோ? நல்லாருக்குவே உம்ம சட்டம்!"

அப்படிக் குத்திக்காட்டினாலும் கொடுத்துவிட்டார். அதில் பொட்டுக்கடலையும் வெல்லத் துண்டும் கலந்திருப்பதை அவர் சொல்லவில்லை. நானும் சாக்கைப் பிரித்துப் பார்க்கவில்லை. கடலோரத்தில் பிழைக்கிற இரண்டு தடிமாடுகளுக்கும், பொரி தின்கிற வேறு ஜீவன்கள் கடலுக்குள் உண்டு என்பது தோன்றவே இல்லை.

ஒத்திகை நாள் காலை பத்து மணி. கடல் எண்ணெய் தடவியது போல அசையாமல் கிடந்தது. கமாண்டர் வடக்கத்திக்காரர். வெள்ளை உடுப்பு, கழுத்தில் பைனாகுலர், கையில் நிறுத்துக் கடிகாரம். முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. திட்டத்தை ஆங்கிலத்தில் அவருக்கு விளக்கினேன். சங்கு ஊதும். எண்ணெய், அதாவது பொரி, கொட்டப்படும். விசைப்படகு ஒன்று தக்கை கட்டிய நீளமான மிதவையை இழுத்துவந்து அதைச் சுற்றி வளைக்கும். வளைத்ததை அள்ளுவோம். அவர் தலையை அசைத்தார்.

சங்கு ஊதியது. அண்ணாச்சியின் ஆட்கள் இரண்டு சாக்கையும் கவிழ்த்தார்கள். பொரி பரவிய அழகைப் பார்க்க வேண்டுமே! நிஜ எண்ணெய்கூட அப்படிப் பரவாது. நான் பெருமையோடு விசிலை ஊதினேன்.

விசைப்படகு கிளம்பவில்லை. என்ஜின் இருமியது, தும்மியது, அடங்கியது. அதற்குள் ஒரு கடற்காக்கை வந்து இறங்கிப் பொரியைக் கொத்தியது. நான் கையை வீசி விரட்டினேன். அது போய் அதன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வட்ட வட்டமாக வாய்கள் எழும்பின. மடவை மீன். அடுத்து ஓரா மீன் கூட்டம் கூட்டமாக. ஐந்து நிமிஷத்தில் கடல் கொதிக்கிற உலைபோல ஆகிவிட்டது. என் எண்ணெய்ப் படலம் நடுவில் ஓட்டை விழுந்து, ஓரத்தில் கரைந்து, கண் முன்னாலேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

அது போதாதென்று சனியன் வேறு வழியாகவும் வந்தது. சிவப்புக் கொடிக்கு வெளியே நாலைந்து வள்ளங்கள் நின்றன. கொடிக்கு இந்தப் பக்கம் மீன்பிடிக்காரர்கள் வரக் கூடாது, கடற்படை எல்லை. ஆனால் பறவை இறங்கி மீன் துள்ளுகிற இடத்தைப் பார்த்த பிறகு எந்தக் கடற்கரைக்காரன் கொடியைப் பார்ப்பான்? பாய் விரித்து வந்துவிட்டார்கள்.

நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "உள்ள வராதீய! இங்க எண்ணெய் கொட்டியிருக்கு!"

முன்னால் வந்த வள்ளத்தில், கழுத்தில் மாதா சுரூபம் தொங்க, ஒரு பெரியவர் வீச்சு வலையோடு நின்றார். "எண்ணெயா? எங்கன?"

"உமக்கு முன்னாலதான் கெடக்கு!"

அவர் குனிந்து தண்ணீரில் கைவிட்டு அள்ளி, வாயில் போட்டு மென்று பார்த்தார். "சேசுவே! இது பொரியில்லா! நமத்துப் போச்சே தம்பி!"

"பொரிதான்! ஆனா எண்ணெய்னு நெனைச்சுக்கிடணும்!"

பெரியவர் பின்னால் திரும்பி மற்ற வள்ளங்களுக்குச் சொன்னார். "ஏலே, எண்ணெய்னு நெனைச்சுக்கிட்டு வலையை வீசுங்கலே!"

நாலு வலைகள் ஒன்றாக விழுந்தன. பளபளவென்று மீன் ஏறியது. எங்கள் விசைப்படகு அப்போதுதான் உயிர்பெற்று, மிதவையை இழுத்துக்கொண்டு கம்பீரமாக வந்து, சுத்தமான கடல்நீரை நாலாபக்கமும் வளைத்துப் பிடித்தது. உள்ளே ஒரு பொரி இல்லை. ஒரு பெரிய வெல்லத் துண்டைக் கவ்விக்கொண்டு ஒரு காக்கை மட்டும் மிதவை மேல் உட்கார்ந்திருந்தது.

கமாண்டர் கடிகாரத்தை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"எண்ணெய் எங்கே?"

பதினாறாம் வாய்ப்பாடு என் காதில் கேட்டது. இனி மழுப்பி என்ன ஆகப்போகிறது? "மீன் தின்றுவிட்டது, சார்" என்றேன்.

அவர் காலிச் சாக்கு ஒன்றை எடுத்தார். சாக்கின் அடியில் ஒட்டியிருந்த பொரியை அள்ளி ஜெட்டியிலிருந்து வீசினார். மடவை வந்து விழுங்கியது. இன்னொரு பிடி வீசினார். அதையும் விழுங்கியது. தொப்பியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நின்று பார்த்தார். சாக்கை உதறிக் கடைசிப் பொரிவரை போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெயிலில் மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

இந்த நேரத்தில்தான் அண்ணாச்சி முன்னால் வந்தார். பொரியில் கடலை கலந்த பழி தன் மேல் விழுந்துவிடும் என்று அவருக்குப் பயம். முந்திக்கொண்டு என் மேல் புகார் சொல்லத் தொடங்கினார். அவருக்கு ஆங்கிலம் வராது. கமாண்டருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்க அங்கே இருந்த ஒரே ஆள் நான். கமாண்டர் என்னைப் பார்த்து, "இவர் என்ன சொல்கிறார்? ஒன்று விடாமல் சொல்" என்றார். கேட்டீர்களா கொடுமையை?

"சார், இந்த ஆளு ரெண்டு வருசமா எங்க உசிரை வாங்குதாரு" என்றார் அண்ணாச்சி.

"சார், இந்த ஆள் இரண்டு வருஷமாக எங்கள் உயிரை வாங்குகிறான்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஒரு சொட்டுக் கழிவு ஆயில் கடல்ல ஊத்த விட மாட்டங்காரு. பீப்பாய்ல புடிச்சு வைங்காரு. பிடிச்சது நெறையலைன்னா மீதி எங்கன்னு கேக்காரு."

சொன்னேன்.

"கப்பல்காரன் குப்பையைக் கொட்ட வந்தா, குறுக்க போய் நிக்காரு. மேல கொட்டுனாலும் நவுர மாட்டங்காரு. ராத்திரி பகல்னு இல்லாம ஜெட்டியைச் சுத்தி மோந்து பாத்துக்கிட்டுத் திரியுதாரு. இவரை வச்சுக்கிட்டு மனுசன் வேலை பாக்க முடியுமா?"

இதையும் ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. என் பரம எதிரி நான் செய்ததை ஒன்று விடாமல் கவனித்து வைத்திருக்கிறார்! என் அப்பாவுக்குக்கூட நான் அங்கே என்ன செய்கிறேன் என்று இவ்வளவு விவரமாகத் தெரியாது.

கமாண்டர் தொப்பியைத் தலையில் வைத்தார். "இதற்கு முன் ஒரு துறைமுகத்தில் இருந்தேன்" என்றார். "காலையில் ரொட்டித் துண்டு ஒன்று கை தவறித் தண்ணீரில் விழுந்தது. சாயங்காலம்வரை அங்கேயே மிதந்தது, எண்ணெய் படிந்து கறுப்பாக. ஒரு குஞ்சு மீன்கூட வரவில்லை." பிறகு குறிப்பேட்டை எடுத்து எழுதினார். அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தேன். பெரிய எழுத்து. 'ஒத்திகை: தோல்வி. தண்ணீர்: மிக நன்று. இந்த ஆளை விடக் கூடாது.'

போகும்போது வள்ளத்துப் பெரியவர் கொடுத்த இரண்டு மடவையை வாழையிலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எல்லை மீறி வந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அடுத்த மாதம் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. முதல் வேலையாகப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அண்ணாச்சி யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு சொட்டுக் கழிவு ஆயிலைக்கூடக் கடலில் விடாத ஆள் என்பதற்காக வேலை நிரந்தரம் என்று அதில் போட்டிருந்தது. மெல்ல விஷயம் இறங்கியது. பென்சில் கீழே விழுந்தது.

"அப்ப, நான் சொன்னதை வச்சா உமக்கு வேலை குடுத்திருக்கான்?"

"ஆமா அண்ணாச்சி."

"அட பாவி மனுசா! என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனே!" என்று பீப்பாய் மேல் தொப்பென்று உட்காரப் போனார். அது நிமிர்ந்திருந்தது. நிறையக் கழிவு ஆயில் இருந்தது. நான் பாய்ந்து கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் முழுசாக உள்ளே போயிருப்பார். ஆள் விழாமல் பார்ப்பதும் என் வேலைதானே.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் காலை, என் மேசையில் ஒரு பொரிப் பொட்டலம் இருந்தது. வாசலில் அண்ணாச்சி நின்றார். "உமக்கு இல்ல. உம்ம மீனுக்கு" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஜெட்டி விளிம்பில் போய் உட்கார்ந்து பாதியைக் கடலில் போட்டேன். மடவை வந்தது. மீதிப் பாதியை நான் தின்றேன். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.