பீக்கிங்கில் கைகுலுக்கிய வாரம்

அமெரிக்க சனாதிபதி சீனாவின் பீக்கிங்கில் போய் இறங்கிய வாரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம்தான் வரும். உலகமே சந்தோஷப்பட்ட விஷயத்துக்கு வங்காலை என்ற மீன்பிடிக் கிராமத்தில் ஒருத்தி ஏன் கோபப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் அண்ணனும், ஒரே கரைவலைக்குப் பங்காளிகள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். ஒரு கூட்டத்துக்கு அப்பா தலைவர், மற்றதற்கு மாமா. வலை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் இழுத்தபடியே நடந்து ஒன்றாகச் சேரவேண்டும். பிந்தினால் மீன் இடைவெளியால் போய்விடும்.

அப்பா சீனாப் பக்கம். பீக்கிங்கிலிருந்து வரும் வழவழப்பான சஞ்சிகைகளை அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். மாமா கத்தோலிக்கக் கோயில் சபைக்காரர். சீனாவில் குருமாரைச் சிறையில் போட்டதையும் அவர் மறக்கவில்லை, கோயிலில் கொடுத்த அமெரிக்கப் பால்மாவையும் மறக்கவில்லை. ஒரு பெருநாள் சாப்பாட்டில், அந்தப் பால்மா தூண்டில் இரை என்று அப்பா சொல்லிவிட்டார். மாமா கையைக் கழுவிவிட்டு எழும்பினார். பிறகு இரண்டு வருஷம் பேச்சில்லை. தொழில் மட்டும் தோளில் கிடந்த துவாயை வீசிக் காட்டும் சைகையில் நடந்தது.

நடுவில் அகப்பட்டவள் நான். மாமாவின் மகனுக்கு நான்தான் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் விருப்பம். ஆனால் அவர் தகப்பனை எதிர்த்துக் கதைக்கும் ஆளில்லை. அந்தத் தவக்காலத்தில் அவருக்குப் பேசாலையிலிருந்து வேறு சம்பந்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் இந்த இரண்டு மனிதரும் வாய் திறந்தால்தான் எனக்கு வாழ்வு.

செவ்வாய்க்கிழமை சங்கக்கடை ரேடியோவில் செய்தி கேட்டோம். இருபது வருஷத்துக்கு மேலாக ஒருவரையொருவர் நாடென்றே மதிக்காதவர்கள் கைகுலுக்கினார்களாம். எனக்கு ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்த வேண்டும்போல இருந்தது. அப்பா முகம் கறுத்துக் கிடந்தார். மாமா வீட்டிலும் அதே கதைதான். இவர்கள் நம்பியிருந்த நாட்டுக்காரர் இவர்கள் இரண்டு பேரையும் கேட்காமலே சமாதானமாகிவிட்டார்கள்.

சனிக்கிழமை நான் மீன் பெட்டியோடு கரையில் நின்றேன். வலை கிட்ட வந்துவிட்டது. இருபது அடி நடந்தால் இரண்டு கயிறும் சேர்ந்துவிடும். அப்பா நின்றார். மாமாவும் நின்றார்.

அப்பா தன் ஆட்களிடம் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்: "அமெரிக்காக்காரன்தான் நடந்து போனவன். இஞ்சயும் அவர்தான் வரவேணும்."

மாமாவும் தன் ஆட்களைப் பார்த்தே சொன்னார்: "சீனாக்காரன் கூப்பிட்டுத்தான் போனவன். மச்சான் கூப்பிடட்டும், வாறன்."

எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே மீன் வெள்ளையாகத் துள்ளி வெளியே போனது. கயிறு பிடித்த முப்பது பேரும் வெறும் வலையைக் கரைக்கு இழுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "நாளைக்குப் பேசாலை ஆக்கள் வருகினம். மாமாட்டை ஒருக்காப் போங்கோ அப்பா."

"பாப்பம் பிள்ளை," என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து அப்பா நேரே வீட்டுக்கு வந்து சஞ்சிகையைத் திறந்து வைத்துக்கொண்டார். நான் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஆட்கள் கயிற்றைத் தொடவில்லை. "நீங்கள் ரெண்டு பேரும் கதைக்காட்டி நாங்கள் இழுக்கமாட்டம்," என்றார்கள். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஆளுக்குப் பத்து அடி நடந்தார்கள்.

மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்தார். நான்தான் தேத்தண்ணி கொடுத்தேன். அம்மா கேட்டார், "நேற்று என்ன முடிவு அண்ணை?"

மாமா கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "வாக்குக் குடுத்தாச்சு தங்கச்சி."

அப்பா தேத்தண்ணியைக் குடித்தார். எனக்கு அந்த இரண்டு பேரையும் படலைக்கு வெளியே தள்ளவேண்டும்போல இருந்தது. குசினிக்குப் போய் அடுப்பை ஊதினேன்.

ஏழு வருஷம் கழித்து இரண்டு நாடுகளும் தூதரகம் திறந்த செய்தி வந்தது. அப்போது நான் தையல் மெஷினில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். அது மாமாவின் மகனுடைய மூத்த மகளுக்கு. அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ரேடியோ கேட்டார்கள்.

"பாத்தியே பிள்ளை, கடைசியில எல்லாம் சரிவந்திட்டுது," என்றார் அப்பா.

"ஓம் அப்பா, அவையளுக்கு," என்றேன்.