பட்டிக்கு முன்னால் கழன்ற தொப்பி

தர்சா பிண்டர் பள்ளிக்கூடம் போன முதல் நாளே 'மாடுபிடி' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடுகிற ரகமில்லை அவள். "ஆமா, மாடுபிடிதான். உங்க மாடு எங்கப்பா பட்டியிலதான் நிக்குது, போய்ப் பாரு போ" என்றாள்.

யார்க்‌ஷயரில் பிண்டர் என்பது முதலில் ஒரு வேலை. வேலி தாண்டி அடுத்தவன் பயிரில் வாய்வைக்கும் மாட்டைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கிறவன் பிண்டர். இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரே பெயர் இருந்த காலத்தில், தர்சாவின் ஊரான ஸ்கெல்தோர்ப்பில் மூன்று ராபர்ட்கள் இருந்தார்களாம். மாவு அரைத்த ராபர்ட் மில்னர் ஆனான், மேட்டில் குடியிருந்தவன் ஹில் ஆனான், மாடு பிடித்தவன் பிண்டர் ஆனான். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது குடும்பப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. மற்ற ஊர்ப் பிண்டர்கள் தையல்காரர்களாகவும் ரொட்டிக்காரர்களாகவும் போய்விட்டார்கள். இங்கே மட்டும் பெயரைவிட்டு வேலை பிரியவில்லை. அந்தக் குடும்பத்துக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்!

உலகப் போர் முடிந்து சில வருஷம் கழித்து, ஒரு குளிர்காலத்தில் அவள் அப்பா ஏமோஸ் இறந்துபோனார். ஆண்பிள்ளை கிடையாது. நாற்பதைத் தாண்டிய தர்சா காலையில் ஊருக்குப் பால் ஊற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே பட்டி வேலையையும் பார்த்துவந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் ஊர்க்கூட்டம் கூடிப் புதுப் பிண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வேலை தன்னைவிட்டுப் போனால் பெயர் வெறும் கூடாகிவிடும்.

ஊர்க்கூட்டத் தலைவர் ஸ்டாதர்ட் பெரிய பண்ணைக்காரர். கூட்டம் கூடியதும் வழக்கம்போல எழுந்து நின்று ஊர் விதிகளைக் கணீரென்று வாசித்தார். "மாட்டுக்குச் சொந்தக்காரன் தானே நேர்ல வந்து, தொப்பியைக் கழட்டி, பிண்டர்கிட்டக் கேட்டு வாங்கணும். பட்டிக் கதவுல கைவச்சா ஊர் மேய்ச்சல்ல அவனுக்கு இடம் கிடையாது. நான் இருக்கிறவரைக்கும் இதுல ஒரு எழுத்து மாறாது!"

பிறகு புதுப் பிண்டராகத் தன் அண்ணன் மகன் லயனலின் பெயரைச் சொன்னார்.

"நான் இருக்கேனே, மிஸ்டர் ஸ்டாதர்ட்" என்றாள் தர்சா.

"நல்ல பொண்ணும்மா நீ. ஆனா காளை வந்து முட்டினா பால் குவளையையா காட்டுவே?"

கூட்டம் சிரித்தது. தர்சாவுக்குக் காதெல்லாம் எரிந்தது. தேநீர் குடித்துவிட்டு ஓட்டெடுப்பு என்றார்கள்.

தேநீர் ஆறுவதற்குள் வெளியே ஒரே கூச்சல். கூட்டத்துக்கு வரும் அவசரத்தில் ஸ்டாதர்ட்டின் ஆட்கள் பண்ணை வாயிற்கதவைத் தாழிடவில்லை. அவருடைய சிவப்புக் காளை தேவாலயத் தோட்டத்தில் நின்று, பாதிரியாரின் முட்டைக்கோஸை மென்றுகொண்டிருந்தது. வீராப்பாகக் கிளம்பிய லயனல், காளை தலையை ஆட்டியதும் மதில்மேல் ஏறிவிட்டான்.

தர்சா ஓடவில்லை, கத்தவில்லை. ஒரு வாளியில் ஓட்ஸைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு, காளைக்கு முகம் காட்டியபடியே பின்னால் பின்னால் நடந்தாள். அது கூடவே வந்தது. பட்டிக்குள் விட்டுத் தாழைப் போட்டாள். தண்ணீரும் வைத்தாள்.

ஸ்டாதர்ட் மூச்சிரைக்க வந்து நேராகத் தாழில் கைவைத்தார்.

"கையை எடுங்க" என்றாள் தர்சா.

"என்னம்மா இது, என் மாடு!"

"உங்க மாடுதான். ஆனா இது ஊர்ப் பட்டி. இப்பத்தானே வாசிச்சீங்க?"

ஊரே சுற்றி நின்றது. அவர் தாழைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். விதியை மீறினால் நாளைக்கு அவர் எந்த முகத்தோடு அதை வாசிப்பார்? கை மெல்லத் தாழைவிட்டு மேலே போனது. தொப்பி கழன்றது.

"பிண்டரே, அது என் காளை. திறந்து விடுங்க."

அப்பாவிடமும் தாத்தாவிடமும் இப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். அவள் கதவைத் திறந்தாள்.

"நான் கேட்டாச்சு, நீயும் திறந்தாச்சு. இனிமே நீதான் பிண்டர், ஓட்டு எதுக்கு?" என்றார் ஸ்டாதர்ட், தொப்பியைப் போட மறந்து.

"அதெல்லாம் முடியாது. எங்கப்பாவுக்குக் கை தூக்கின மாதிரி எனக்கும் தூக்கணும். எல்லாரும் உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு, தர்சா முன்னால் நடந்தாள்.