நின்றபடி இறங்கிய தென்னை

என் மாமா பகிடிக்காரர், எதையும் சிரிப்பாக்கிவிடுவார். உடுவிலுக்கு அப்பால் ஒரு செம்மண் தோட்டத்தில் வெங்காயம் செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் அம்மா என்னை நெல்லியடியிலிருந்து கூட்டிப்போய் அங்கே விட்டுவிடுவார். மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. ஆகவே அந்த வீட்டில் நான்தான் மகாராணி. எனக்கு அடுத்தபடி அவர்களுடைய சிவலைப் பசு.

எனக்கு ஒன்பது வயதான வருடம் மாரி மழை பொய்த்துவிட்டது. கிணற்றின் அடியில் கல் தெரிந்தது. மாமா அதற்கெல்லாம் அசையவில்லை. கிணற்றுக்குள்ளேயே ஆழமாகக் குழாய் இறக்கி, பெரிய மோட்டர் ஒன்றைப் பூட்டினார். காலையில் போட்டால் பொழுதுபடும்வரை அது இறைத்தது. அயல் தோட்டங்களிலும் அப்படித்தான். தண்ணீர் கலங்கிச் சிவப்பாக வரத் தொடங்கியபோது மாமி மட்டும் முகம் சுளித்தார். மாட்டுக்கொட்டில் தரை வெடித்திருக்கிறது, அறைக் கதவைச் சாத்த முடியவில்லை என்றார். இந்த வெயிலுக்கு மனிதரே வெடிக்கிறார்கள், தரை வெடிக்காதா என்று கேட்டார் மாமா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அன்று காலை நானும் மாமியும் வெங்காயப் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியதும், பசுவை நிழலில் மாற்றிக் கட்டிவிட்டு வருவதாகச் சொல்லி மாமி எழுந்துபோனார். கிணற்றுக்குக் கொஞ்சம் தள்ளி நின்ற தென்னையில் அதைக் கட்டியிருந்தார்கள்.

லொறியிலிருந்து மண் கொட்டுவதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். தென்னை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சாயவில்லை, முறியவில்லை. நின்றபடியே இறங்கியது. எப்போதும் அண்ணாந்து பார்த்த குரும்பைகள் ஒரு கணம் என் கண்ணுக்கு நேரே வந்தன. பிறகு ஓலையும் இல்லை, பசுவும் இல்லை. செம்புழுதிதான் எழும்பி நின்றது.

புழுதி அடங்கியபோது மாமி தெரிந்தார். பெரிய குழி ஒன்றின் விளிம்பில், நெஞ்சளவு மண்ணுக்குள் புதைந்து கிடந்தார். பசுவின் கயிறு அவருடைய கையிலிருந்து குழிக்குள் இறுகிப் போயிருந்தது. உள்ளே, எங்கேயோ ஆழத்தில், அது கத்தியது.

நான் மாமியிடம் ஓட எழுந்தேன்.

"பிள்ளை, நிண்ட இடத்திலை நில். ஒரு அடியும் வையாதை."

அது மாமாவின் குரல் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. மோட்டரடியிலிருந்து ஓடிவந்தவர், குழியைக் கண்டதும் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். அப்படியே ஊர்ந்துபோய் மாமியின் தோளைப் பிடித்தார்.

"கயித்தை விடு."

"அது உயிரோடை கிடக்குது" என்றார் மாமி.

"விடு எண்டு சொல்லுறன். உன்னையும் இழுக்கப்போகுது."

மாமி விடவில்லை. மாமா அழுதபடி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கயிறு மண்ணில் உரசிக்கொண்டு உள்ளே போனது. அயலிலுள்ளவர்கள் ஏணி கொண்டுவந்து நிலத்தில் கிடத்தி, அதன்மேல் தவழ்ந்துபோய் மாமியை இழுத்தெடுத்தார்கள். அதற்குள் பசுவின் சத்தம் நின்றிருந்தது.

இவ்வளவுக்கும் மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்தியில் நின்ற என் காலடிக்குச் சிவப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. யாரோ போய் நிறுத்தினார்கள். அந்த அமைதியில், கீழே வெகு ஆழத்தில் மண்கட்டிகள் தண்ணீருக்குள் விழுவது எல்லோருக்கும் கேட்டது.

யுத்தகாலத்தில் பதுங்குவதற்கு வெட்டிய பழைய பங்கர் இடிந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். மறுநாள் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து பார்த்தார். இந்த மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கல்லுக்குள்ளே பொந்துகள், அவற்றில் நிறைந்திருக்கும் தண்ணீரும் மேலே உள்ளதைத் தாங்கி நிற்கிறது என்றார். மழையும் இல்லாமல் எல்லோருமாக இறைத்தெடுக்க, பொந்துகள் வெறுமையாகி, மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வழிந்திருக்கிறது. மாமாவின் மோட்டர் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். மாமா தலையாட்டிக்கொண்டே கேட்டார். பகிடி ஒன்றும் விடவில்லை.

அந்த அதிகாரி புறப்படும்போது மாமா ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப எங்கடை வீடு?"

அவர் நாங்கள் நின்ற விறாந்தையின் தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனார். மாமா கேட்டது அவருடைய காதில் விழவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

அன்று பின்னேரமே அம்மா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். விடுமுறை பாதிகூட முடியவில்லை. பஸ்ஸில் வழி முழுக்க அவர் என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். நான் ஏதோ குழப்படி செய்துவிட்டேன், அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று நெல்லியடி வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.