அக்காவின் பேச்சுத்துணை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் தெருக்காரர்களுக்கும் தங்கை எழுதுவது.

எங்கள் அக்கா கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து, மட்டாஞ்சேரியிலேயே கண்ணை மூடினார். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த அப்பாவுக்கு மூத்த மகள். அங்கே யூதத் தெருவான ஜூ டவுனில், மசாலாக் கிடங்கில் சுக்கைத் தரம் பிரித்தார். அத்தான் சின்ன வயதிலேயே போய்விட, அந்தக் கூலியில்தான் ஒரே மகனை ஆளாக்கினார். தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ், சண்டை என்றால் இரண்டும்.

வயதான காலத்தில் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு மலையாளம் கேட்டால் புரியும், நாக்கில் வராது. பாதி நேரம் கனவிலேயே இருந்தார். மழை வருது, சுக்கை அள்ளு என்பார். படகுத்துறையில் அம்மா காத்திருப்பதாகச் சொல்வார். கேட்கக் கேட்க அந்த ஈரக்காற்று என் மேலும் படும்.

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்பு டாக்டர் வீட்டுக்கு வந்து நினைவைச் சோதித்தார். என்ன மாதம் என்றதற்கு ஆவணி என்றாராம் அக்கா. அடுத்து என்ன பண்டிகை என்றதற்கு, நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி என்றாராம். மலையாளக் கணக்கில் சிங்க மாதம், ஓணம் என்று எதிர்பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். தமிழ் மாதம் தெரியாத மகன் பயந்துபோய், நினைவு தப்பியவர்களுக்காக ஆலுவாவில் இருக்கும் இல்லத்தில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். அங்கே தமிழில் தண்ணீர் கேட்டால் யார் கொடுப்பார்? களிமண் பிள்ளையாரை ஏந்திக்கொண்டு நான் அப்போதுதான் உள்ளே நுழைந்தேன்.

“டாக்டரே, அக்காவுக்கு ஓர்மை ஒக்கெ உண்டு. ஞங்கள்க்கு இது ஆவணி. நாளெ சதுர்த்தி,” என்று, அக்காவுக்கு நினைவெல்லாம் சரியாகவே இருப்பதை மலையாளத்தில் சொன்னேன்.

டாக்டர் பிள்ளையாரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். மீதிக் கேள்விகளை என்னைத் தமிழில் கேட்கச் சொன்னார். அக்காவுக்கு ஒரு பதிலும் தப்பவில்லை. ஆலுவாப் பேச்சு அதோடு நின்றது.

அந்த டாக்டருக்கும், அக்காவைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டுச் சேட்டன்மாருக்கும் எங்கள் நன்றி. வலி தணிக்க வாராவாரம் வீட்டுக்கு வந்த பாலியேட்டிவ் நர்ஸ் சிஸ்டருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வலிக்குதா, தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கலாமா என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர் அவர். கடைசி நாள் மத்தியானம் அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

“என்னக்கா வேணும்?”

“பேசிக்கிட்டே இரு.”

சிஸ்டரிடம் இருந்த தமிழ் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோனது. அக்காவின் கையை விடாமல், தன் வீட்டுக் கிணற்றைப் பற்றியும் அம்மா வைக்கும் மீன்குழம்பைப் பற்றியும் மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்தார். அக்கா ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்டார். பிறகு அந்த ‘ம்’ வரவில்லை. சிஸ்டர் பேச்சை நிறுத்தவில்லை.