நான் பார்க்காத தசரா

ஏன் எழுதுகிறீர்கள் என்று கூட்டங்களில் யாராவது கேட்டால், மொழி, சமூகம் என்று கௌரவமாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உண்மையான காரணத்தைச் சொன்னால் கேட்டவருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஐந்தாம் வகுப்பில் நான் ஒரு பொய் எழுதினேன். அது எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போய்விட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை.

அந்த வருஷம் தசரா விடுமுறையில் எனக்கு அம்மை போட்டது. மைசூரில் வளரும் பிள்ளைக்கு அம்மை வருவதற்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. விஜயதசமியன்று ஜம்பு சவாரி என்ற பெரிய ஊர்வலம். தங்க அம்பாரியைச் சுமந்த யானை, கூட வரும் யானைகள், குதிரைகள், போலீஸ் பேண்டு எல்லாம் அரண்மனையிலிருந்து பன்னிமண்டப மைதானம்வரை போகும். வகுப்பில் எல்லாரும் போவார்கள். நான் மட்டும் கட்டிலில், உடம்பெல்லாம் காலமைன் லோஷன் பூசிய ரோஸ் நிறப் பொம்மையாக.

அப்பா தம்பியை மட்டும் அழைத்துக்கொண்டு காலையிலேயே இடம் பிடிக்கப் போய்விட்டார். அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்காக லீவு போட்டுவிட்டு, நான் எங்கும் சொறிந்துவிடக் கூடாதென்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டிவியில் ஊர்வலத்தைக் காட்டினார்கள். யானை என் கட்டைவிரல் உயரம் இருந்தது. அதுவும் அரண்மனை வாசலைத் தாண்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. ஊர்வலத்துக்கு மரியாதையாகப் பீரங்கி வெடித்த சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. நான் அழுதேன். அழுதால் கொப்புளம் எரியும் என்று அம்மா சொன்னதும் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

சாயங்காலம் தம்பி வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன். என்னடா பார்த்தாய் என்று கேட்டால், "யானை வந்துச்சு. போயிருச்சு," என்றான். அவ்வளவுதான் அவனுடைய தசரா. அப்பாவைக் கேட்டேன். கூட்டத்தில் ஒரு செருப்பு போய்விட்டதாம். அது எந்தக் கடையில் வாங்கிய செருப்பு, எவ்வளவு உழைத்தது என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னார். யானையைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாளே கன்னட மிஸ் தலைப்புக் கொடுத்துவிட்டார்: 'நானு கண்ட தசரா'. நான் பார்க்கவில்லை என்று எழுதலாம்தான். ஆனால் அது ஒரே வரியில் முடிந்துவிடும். மிஸ்ஸுக்கு இரண்டு பக்கம் வேண்டும்.

நான் நன்றாக யோசித்தேன். அம்பாரி யானையைத் தொடக் கூடாது. அதை ஊரே பார்த்திருக்கும், மாட்டிக்கொள்வேன். முன்னால் போகிற யானைகளில் சின்னதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். அது நடந்து வரும்போது தடுப்புக் கட்டைக்குப் பின்னால் ஒரு வெள்ளரிக்காய் வண்டியைப் பார்க்கிறது. நின்றுவிடுகிறது. பாகன் என்ன சொல்லியும் நகரவில்லை. கட்டைக்கு மேலே தும்பிக்கையை நீட்டி ஒரு வெள்ளரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. பின்னால் வந்த பேண்டுக்காரர்கள் மேலே போகவும் முடியாமல் வாசிப்பதை நிறுத்தவும் முடியாமல் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். வண்டிக்காரருக்கோ பெருமை தாங்கவில்லை. கையில் இருந்த வெள்ளரிக்காயை நெற்றியில் வைத்து யானைக்கு ஒரு சல்யூட் அடிக்கிறார்.

எழுதும்போது நானே சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மிஸ் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். என் காது சூடாகிவிட்டது. இப்போது யாராவது எழுந்து, இது நடக்கவே இல்லை என்று சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், நானும் பார்த்தேன் மிஸ்."

அவளைத் தொடர்ந்து ஒரு பையன் எழுந்தான். யானை தின்றது ஒன்றல்ல, இரண்டு என்று என்னைத் திருத்தினான். கடைசி பெஞ்சுக்காரன், வண்டிக்காரர் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித்தான் கொடுத்தார் என்றும், யானைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்றும் சத்தியம் செய்தான். மணி அடிப்பதற்குள் வகுப்பில் பாதிப் பேர் அந்த வண்டியைப் பார்த்திருந்தார்கள். அப்படி ஒரு வண்டியே இல்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு எந்தப் பரிசிலும் கண்டதில்லை. ஒரே வருத்தம், மிளகாய்த்தூள் எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்பதுதான்.

இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டம் வந்தது. அம்மாதான் வருவாள் என்றார்கள்.

எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குப் பொய் வராது. ஒருமுறை எங்கள் சர்ச் சபையிலிருந்து அப்பாவைத் தேடி ஒருவர் வந்தார். அப்பா உள்ளே இருந்து, இல்லையென்று சொல் என்று கையைக் காட்டினார். அம்மா வாசலில் நின்று, "உள்ளதான் இருக்காரு. இல்லைன்னு சொல்லச் சொல்றாரு," என்றாள். வந்தவரும் அப்பாவும் அதற்குப் பிறகு வெகுநாள் பேசிக்கொள்ளவில்லை.

அப்படிப்பட்ட அம்மா, நைட் டியூட்டி முடிந்த கண்களோடு மிஸ்ஸின் மேஜைக்கு முன்னால் நின்றாள். மிஸ் மார்க் கார்டைக்கூடக் கொடுக்காமல் முதலில் என் நோட்டைத்தான் எடுத்து நீட்டினார். அம்மா தன் ஊரான கௌதள்ளியில் கன்னடப் பள்ளியில் படித்தவள். நின்றபடியே இரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். நான் தரையில் இருந்த சாக்பீஸ் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்கிற பாக்கியம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறதே என்று மிஸ் கன்னடத்தில் சொன்னார். அம்மா நோட்டை மூடினாள்.

"ஹௌது மிஸ்," என்றாள். "நாவு அல்லே இத்வி."

ஆமாம், நாங்கள் அங்கேயேதான் இருந்தோம். என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. பயம் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிட்டது. அம்மாவையே பொய் சொல்ல வைத்துவிட்டேன், இதற்கு வீட்டில் என்ன தண்டனை இருக்கும் என்று கணக்குப் போட்டபடி பஸ் ஏறினேன்.

ஜன்னலோர சீட்டில் அம்மா உட்கார்ந்தாள். நாலைந்து ஸ்டாப் போயின. பிறகு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"அந்த வெள்ளரிக்காய்க்காரர் அப்புறம் என்ன பண்ணுனாரு?"

போலீஸ் விசாரணை இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதே நல்லதென்று நினைத்தேன்.

"அப்படி ஒருத்தர் இல்லம்மா. நானே எழுதினேன்."

"அது தெரியும் கண்ணு. நாந்தானே உனக்கு மருந்து பூசிட்டு இருந்தேன். அப்புறம் என்ன பண்ணுனாரு, அதைச் சொல்லு."

நோட்டில் அப்புறம் என்று எதுவும் இல்லை. பஸ்ஸிலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. வண்டிக்காரரை யானைக்குப் பின்னால் நடக்க வைத்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரும் ஊர்வலத்தில் சேர்ந்துவிட்டார். போலீஸ் தடுக்கவில்லை, ஏனென்றால் குதிரைகளும் வண்டிப் பக்கம் கழுத்தைத் திருப்பிவிட்டன. பன்னிமண்டபம் போய்ச் சேர்ந்தபோது அவருக்கும் ஒருவர் மாலை போட்டார். அம்மா மார்க் கார்டால் வாயை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம், அப்புறம் என்று அம்மா கேட்கக் கேட்க நான் பன்னிமண்டபத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

நர்ஸ் படிப்புக்காக மைசூர் வந்த நாளிலிருந்து அந்த வருஷம்வரை அம்மா ஒரு ஜம்பு சவாரியைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஊர்வல நாளில் அவளுக்கு எப்போதும் டியூட்டி விழும். அந்த ஒரு வருஷம் லீவு கிடைத்தது, எனக்கு அம்மை போட்டதால். நான் வளர்ந்த பிறகு, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோதுதான் இதை அவள் சொன்னாள்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கள் ஸ்டாப்பில் பஸ் நின்றது, அம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த ஸ்டாப்பிலும் எழுந்திருக்கவில்லை. பாவம், நைட் டியூட்டி அசதியில் இறங்க மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.