நெட்டில் வம்சத்துப் பசுக்கள்

எஃபி கால்டைப் பற்றி டான் ஆற்றுப் பக்கம் யாரைக் கேட்டாலும், "யாரு, அந்தக் குள்ளக் கன்னுக்காரியா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழ்நாள் பூராவும் மாட்டோடு மாடாகக் கிடந்தவளுக்கு இந்த ஊர் வைத்த பெயரைப் பாருங்கள். நான் மாட்டு லாரி ஓட்டியவன், அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவன். நடந்தது எனக்குத் தெரியும்.

எங்கள் ஆங்கஸ் இன மாடுகள் எல்லாமே கருப்பு. கொம்பும் கிடையாது, புள்ளியும் கிடையாது. வெளியூர்க்காரனுக்கு எல்லாம் ஒரே மாடுதான். எஃபி வேலியோரம் நின்று நெற்றிச் சுழியையும் காது நிற்கும் விதத்தையும் நடையையும் பார்த்து, எந்தத் தாயின் வம்சம் என்று சொல்லிவிடுவாள். காளை எதுவானாலும் கன்றுக்குத் தாயின் குடும்பப் பெயர்தான் எங்கள் வழக்கம். ஆல்ஃபர்டு ஓட்டல் சுவரில் பழைய பரிசுக் காளை ஒன்றின் படம் தொங்கும். அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னாள்: "தலை நெசம். காலை மட்டும் வரைஞ்சவன் சாராயம் வாங்கிக் குடிச்சிட்டு வரைஞ்சிருக்கான்."

அவளுடைய வம்சம் நெட்டில். அவள் அப்பா ஏலத்தில் பிடித்துவந்த ஒற்றைப் பசுவின் பெயர் அது. அந்த நெட்டிலின் மகள்களும் பேத்திகளும் கண்காட்சிக்குக் கண்காட்சி பரிசு வாங்கி, சுற்றுவட்டாரத்தில் நல்ல தொழுவம் என்றால் ஒரு நெட்டிலாவது இருக்கும் என்றாகிவிட்டது. எஃபிக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது இழுத்தால், "எனக்குத்தான் கொட்டில் நெறைய பொண்ணுங்க இருக்காளுங்களே" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மாடு வளர்ப்பவர்களுக்குக் குட்டைக் கால் பைத்தியம் பிடித்தது. பெர்த் ஊரில் பிப்ரவரி ஏலத்துக்குக் கடல் தாண்டி வந்தவர்கள், தரையோடு தரையாக இருக்கும் காளைக்குத்தான் கையைத் தூக்கினார்கள். எஃபியும் அப்படி ஒன்றைப் பிடித்தாள். லாரியிலிருந்து இறங்கியதும் அவள் புருஷன் வாட்டி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏன்டி, இது காளையா, பால் கறக்க உக்கார்ற முக்காலியா?"

"வாய மூடு. இவனோட அம்மா வழியும் நம்ம நெட்டில்தான். பிரிஞ்சு போன ரெண்டு கிளையும் மறுபடி ஒண்ணாச் சேருது."

அவள் முகத்தில் அன்று கல்யாணக் களை. நல்ல ரத்தத்தை நல்ல ரத்தத்தோடு சேர்த்தால் இன்னும் நல்லது என்றுதான் நாங்கள் எல்லாருமே நம்பினோம்.

அடுத்த வசந்தத்தில் அவளுடைய சிறந்த பசு கன்று போட்டது. நெற்றி புடைத்து, வயிறு பானையாகி, மூச்சுக்கு மூச்சு குறட்டை விடும் குள்ளக் கன்று. கொஞ்ச நாளில் இன்னொரு பசுவுக்கும் அதே கதை. இப்படிப் பிறந்தால் எங்கள் பக்கம் என்ன செய்வார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். எருக்குவியலுக்குப் பின்னால் புதைத்துவிட்டு, செத்துப் பிறந்தது என்று சொல்வார்கள். வாட்டியும் மண்வெட்டியைத் தூக்கிவிட்டான்.

"வை அதைக் கீழ" என்றாள் எஃபி. "காளை மேல மட்டும் பழி போட முடியாது. ரெண்டு பக்கமும் கோளாறு இருந்தாத்தான் இது வரும். ரெண்டு பக்கமும் யாரு? நெட்டில். அப்பா பிடிச்சிட்டு வந்த அந்த மொதல் தாய்கிட்டயே இருந்திருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். அர்ஜென்டினாக்காரர் நம்ம கிடாரிங்களப் பாக்க வர்றாரு. அவரு ஊர்ல நம்ம வம்சம் பெருகும்னு நீதானே ஆடிப்பாடிட்டு இருந்த?"

அது உண்மை. என்னிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். கப்பலேறி, அவள் பார்க்கவே போகாத புல்வெளியில் அவளுடைய நெட்டில்கள் மேயும் என்று. கோளாறு எந்தக் கிடாரியிடம் இருக்கிறது, எதனிடம் இல்லை என்று பார்த்துச் சொல்ல அவளாலும் முடியாது.

வந்தவர் நல்ல மனிதர். ஓட்ஸ் ரொட்டியும் தேநீரும் முடிந்து கிடாரிகளைத் தடவித் தடவிப் பார்த்தார். விலை பேசும் நேரத்தில் எஃபி அவரைக் கடைசிக் கொட்டிலுக்கு அழைத்துப்போய் கதவைத் திறந்தாள். உள்ளே குறட்டைச் சத்தம். அவர் குனிந்து கன்றைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

அந்த வாரமே பேச்சு பரவியது. நெட்டில் ரத்தம் இருந்த தொழுவத்துக்காரர்கள் எல்லாம் அவள்மேல் பாய்ந்தார்கள். எல்லாரையும் விடப் பெரிய பண்ணைக்காரர் பர்னி, சர்ச் வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"உன் வீட்டு அழுக்கை எங்க வாசல்ல ஏன்மா கொட்டுற? என் தொழுவத்துல நெட்டில் ரத்தம் ஒரு சொட்டுக் கூட கிடையாது, தெரிஞ்சுக்க."

"அப்போ ஏன் கத்துறீங்க?" என்றாள் எஃபி. அதற்குப் பிறகு சர்ச்சில் அவள் பக்கத்தில் உட்கார ஆளில்லை. வாட்டி அடுக்களையில் படுக்க ஆரம்பித்தான். இதெல்லாம் மனுஷ ஜாதியா என்று எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

இனப்பெருக்கத்துக்கு இல்லை, கசாப்புக்கு என்று அவளே முடிவெடுத்தாள். இலையுதிர் காலத்தில் அத்தனை நெட்டில்களையும் என் லாரியில் ஏற்றினோம். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதால் அவை தயங்காமல் ஏறின, அதுதான் கொடுமை. இன்வெரூரி சந்தையில் எடைக் கணக்கில் விற்றார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி மாடு வரை நின்றாள், அழவில்லை.

திரும்பும் வழியில் பர்னியின் மேய்ச்சல் நிலம். எஃபி சடாரென்று என் கையைப் பிடித்தாள்.

"நிறுத்து சார்லி."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பசு, மடியில் முட்டும் கன்றோடு. கன்று நேராக, நன்றாக இருந்தது. பசு எங்களைப் பார்த்து நாலடி நடந்து வந்தது. எனக்குக் கருப்பு மாடு, அவ்வளவுதான். எஃபி லாரிக் கண்ணாடியை இறக்கினாள்.

"அது நெட்டில்டா. வேற வம்சத்துப் பேரை வச்சுப் பதிஞ்சிருக்கான் படுபாவி. அந்தச் சுழியைப் பாரு. அந்த நடையைப் பாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இறங்கு. இப்பவே அவன் வீட்டுக்குப் போய் நாலு பேர் முன்னால கேப்போம். உன்னை என்ன பேச்சு பேசினான்!"

அவள் இறங்கவில்லை. அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, காலையிலிருந்து அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள்.

"அந்தக் கன்னு வளந்து இன்னொருத்தன் கொட்டில்ல குள்ளத்தைப் போட்டாலும் போடும். எனக்குத் தெரியுது சார்லி. தெரிஞ்சும், ஒரு நெட்டிலாவது தப்பிச்சிருக்காளேன்னு சந்தோஷமா இருக்கே, நான் என்ன ஜென்மம்?"

நான் இன்ஜினை அணைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத" என்றாள் எஃபி.