குளிரறையிலிருந்து வராத மெயில்

எங்கள் அலுவலகத்தில் அவரை ஸ்டாம்ப் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். தபால் பிரிவில் சேர்ந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஸ்டாம்ப் ஒட்டும் வேலையே இல்லாமல் போன பிறகும் பெயர் மட்டும் உரிந்து போகவில்லை. தடுப்பூசி, இன்சுலின் போன்ற குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்துகளை மொத்தமாக வாங்கி வைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. மேலே அலுவலகம், கீழே கிடங்கு, கிடங்கின் பின்பக்கம் குளிரறைகள். நான் கணக்குப் பிரிவு. அக்காவின் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் என்பதால் அவர் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும்.

அக்காவுக்கு எதைக் கண்டாலும் பயம். லிஃப்டில் தனியாக ஏற மாட்டார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுப்பதற்கு முன்பே முகம் வெளுத்துவிடும். பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால் தள்ளி நின்று, "நீயே எடும்மா, எனக்கு ஷாக் அடிச்சிடும்" என்பார். அவருடைய கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒருமுறை அலுவலக வாசலில் அக்காவுக்காகக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "ஊர்ல இருக்கிற பயந்தாங்கொள்ளிங்க எல்லாருக்கும் லைசன்ஸ் வாங்கிக் குடுத்துட்டேன். இவளை மட்டும் முன்சீட்டுல கண்ணைத் திறந்துக்கிட்டு உக்கார வைக்க முடியல."

அப்படிப்பட்டவரிடம்தான் நிறுவனத்தின் மெயில் சர்வர் வந்து சேர்ந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த இரண்டு பேரும் நிலைக்கவில்லை. ஒருநாள் காலையில் மேலாளர் அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நீங்க தபால் பிரிவுதானே? மெயிலும் தபால்தானே? இனிமே நீங்களே பாத்துக்கங்க."

"சார், எனக்கு மெயில் அனுப்பத்தான் தெரியும். அது எப்படிப் போகுதுன்னே தெரியாது."

"கத்துக்கலாம். சனிக்கிழமை வகுப்பு இருக்கு, ஆபீஸே அனுப்பும்."

"தப்பாயிடுச்சுன்னா?"

"தப்பாகாம பாத்துக்கங்க."

அதோடு பயிற்சியில் பாதி முடிந்துவிட்டது என்று மேலாளர் நினைத்திருக்க வேண்டும். மறுபடி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

வகுப்பில் அவரைத் தவிர எல்லோரும் இளவட்டங்கள். பாடம் நடத்தியவர் எதையும் சுற்றி வளைக்காமல் நேரடியாகச் சொல்பவராம். நம் நிறுவனத்துக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று உலகத்துக்கே அறிவிக்கும் பதிவு ஒன்று உண்டு, அதில் ஓர் எழுத்து மாறினாலும் வரவேண்டியது வராது. சர்வரைத் திறந்துபோட்டால் எவனோ ஒருவன் அதன் வழியாகக் குப்பை மெயில் அனுப்புவான், அப்புறம் நாம் அனுப்பும் நல்ல மெயிலையும் யாரும் வாங்க மாட்டார்கள். பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு புதுப் பயத்தோடு அக்கா திரும்பி வந்தார்.

"முன்னாடி தெரியாம பயந்தேன். இப்ப தெரிஞ்சு பயப்படுறேன். ரெண்டாவதுதான் கஷ்டமா இருக்கு" என்றார் என்னிடம்.

ஆனாலும் கற்றுக்கொண்டார். புதிதாகச் சேர்ந்தவருக்கு மெயில் முகவரி உண்டாக்குவது, விலகியவருடையதை மூடுவது, எங்கேயோ தேங்கி நிற்கும் மெயிலைத் தேடிப் பிடிப்பது எல்லாம் கைவந்தது. கைவந்ததே தவிர நடுக்கம் போகவில்லை. ஏதாவது ஒரு மாற்றத்தைச் செய்து 'சேமி' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வதைத் தடுப்புக்கு மேலாக நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறையில்தான் அந்தப் பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அது கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மெயில்களைச் சேமித்து வைக்கும் வட்டு தேய்ந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று வகுப்பாசிரியர் போனிலேயே சொல்லிவிட்டார். புது சர்வர் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றியே ஆக வேண்டும். திட்டம் போட வேண்டியவர் அக்கா.

மேசை மேசையாகப் போய் விசாரித்தார். உங்களுக்கு எத்தனை முகவரி, உங்கள் மெயில் வேறு யாருக்காவது போகிறதா, போனில் பார்ப்பீர்களா, பழைய மெயில் எவ்வளவு வேண்டும் என்றெல்லாம் கேட்டார். கிடங்குக் காவலாளியைக்கூட விடவில்லை. "எனக்கு மெயிலே இல்லம்மா" என்றார் அவர். "இல்லன்னு நிச்சயமா தெரியுமா?" என்று இவர் திருப்பிக் கேட்க, காவலாளியும் கொஞ்சம் கலங்கிப்போனார்.

தொடர்ந்து விடுமுறை வந்த ஒரு வார இறுதியில் மாற்றம் நடந்தது. மூன்று நாளும் அக்கா அலுவலகத்திலேயே கிடந்தார். கணவர் சாப்பாடு கொண்டுவந்து, பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். திங்கட்கிழமை நாங்கள் வந்து கணினியைத் திறந்தோம். எல்லாம் வந்திருந்தது. எதுவும் தொலையவில்லை. மேலாளரே எழுந்து வந்து, "பரவாயில்லையே!" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்ததாக யாருக்கும் நினைவில்லை. பழைய சர்வரை அணைத்த அன்றைக்கு அக்கா எங்களுக்கெல்லாம் டீ வாங்கித் தந்தார்.

அதற்கு அடுத்த வாரம், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். குடிதண்ணீர் இயந்திரத்தின் பக்கம் அக்காவும் நானும் நின்றுகொண்டிருந்தோம். குளிரறைகளைப் பார்த்துக்கொள்பவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்தார். நல்ல மனுஷன், ஓயாமல் பேசுவார்.

"அக்கா, உங்க புது சர்வர் ரொம்ப ராசி. அது வந்ததுலேருந்து ஒரு அலாரம் மெயில்கூட வரல. முன்னெல்லாம் எவனாவது கதவைச் சரியா மூடலைன்னாகூட உடனே போன்ல வந்து கத்தும். இப்பத்தான் வீட்டுல நிம்மதியா தூங்குறேன்."

அக்கா கையிலிருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "எந்த மெயில் தம்பி?"

"அதான், குளிரறைச் சுவத்துல இருக்குமே, அந்தப் பெட்டி அனுப்புமே."

"பெட்டி மெயில் அனுப்புமா?"

அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. கேள்வி மாதிரியே இல்லை. யாரோ அவரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டது மாதிரி இருந்தது. ஆட்கள் எல்லோரையும் கேட்டிருந்தார். கட்டடத்தில் இயந்திரங்களும் மெயில் அனுப்பும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெட்டி அணைத்து வைத்த சர்வரையே இத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம். குளிரறைச் சுவரில் பச்சை விளக்குகள் எரிந்தன. எல்லா அறையிலும் சரியான குளிர். குளிரறைக்காரர் மூச்சு வாங்கியபடி சிரித்தார். "பாருங்க, எல்லாம் கரெக்டா இருக்கு. சும்மா பயமுறுத்திட்டீங்க."

"இதுல பழைய அளவெல்லாம் பாக்க முடியுமா?" என்று கேட்டார் அக்கா.

அவர் பொத்தான்களை அழுத்தினார். சின்னத் திரையில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு கோடு வந்தது. முதல் அறைக் கோடு நேராகப் போனது. இரண்டாம் அறைக்கோடு புதன்கிழமை மாலையில் மெல்ல ஏறத் தொடங்கி, சிவப்பு வரம்பைத் தாண்டி, விடியும்வரை மேலேயே நின்றுவிட்டுக் கீழே இறங்கியிருந்தது. குளிரூட்டும் இயந்திரம் தானாக நின்று, தானாகவே மறுபடி ஓடியிருக்கிறது. மாலைக்கு மேல் கிடங்குக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த மெயில் ஒன்றுதான் யாரையாவது எழுப்பியிருக்க முடியும்.

குளிரறைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இப்ப சரியாத்தானே இருக்கு. யாரும் பாக்கல. விட்டுடலாமே. எனக்கும் பிள்ளைங்க இருக்கு, உங்களுக்கும் வேலை வேணும்."

அக்கா அங்கே கிடந்த ஒரு மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். "வியாழக்கிழமை காலைல இந்த அறையிலேருந்து ஏதாவது வெளிய போச்சா?"

"போச்சு."

"என்னது?"

"குழந்தைங்களுக்குப் போடுற ஊசி."

அந்த நிமிஷம் மனதில் என்ன ஓடியது என்று ரொம்ப நாள் கழித்து அக்கா என்னிடம் சொன்னார். குழந்தைகள் ஞாபகம் முதலில் வரவில்லையாம். போலீஸ் வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போவதும், கணவர் யாருக்கோ ஸ்டியரிங் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது போன் வருவதும்தான் தெரிந்ததாம். "எனக்கு அப்படித்தான் தோணுச்சுன்னு நினைச்சதும், என்னைப் பாத்தே எனக்குப் பயமாயிடுச்சு" என்றார். அன்றைக்கு அந்தப் பயத்தோடேயே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே படியேறி, நேரே மேலாளர் அறைக்குள் போய்விட்டார்.

நானும் கூடவே போனேன். விழுந்துவிடுவாரோ என்றுதான்.

"சார், என்னால பெரிய தப்பு நடந்துபோச்சு" என்று தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பல் தந்தியடித்ததால் இரண்டு இடத்தில் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. மேலாளர் முகம் சிவந்தது. பிறகு போனை எடுத்தார்.

"முதல்ல வெளிய போன மருந்துப் பெட்டிகளைத் தடுப்போம். திட்டுறதை அப்புறம் திட்டுறேன்."

நான் ஓடிப்போய் பில்களைப் பார்த்தேன். மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. இரண்டு மருத்துவமனைகளில் பெட்டியே பிரிக்கப்படவில்லை. அப்படியே ஓரமாக எடுத்து வைக்கிறோம் என்றார்கள். மூன்றாவது ஒரு குழந்தைகள் கிளினிக். அங்கே போனை எடுத்த நர்ஸ், "அதுலேருந்துதான் ரெண்டு நாளா போட்டுட்டிருக்கோம். டாக்டர் பாத்துட்டிருக்காங்க, கூப்பிடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அந்தக் காத்திருப்பு பெரிய கொடுமை. மேலாளர் மருந்து தயாரித்த நிறுவனத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா சுவரோரமாக நின்றார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். போன் அடித்தபோது அறையில் இருந்த எல்லோரும் துள்ளினோம். டாக்டரம்மாவின் குரலை எல்லோரும் கேட்கும்படி மேலாளர் போனை மேசைமேல் வைத்தார்.

"குழந்தைங்களுக்கு ஆபத்து எதுவும் இல்ல. சூடு பட்டா அந்த மருந்துக்குப் பலம்தான் போகும். போட்டவங்களை வரச் சொல்லி மறுபடி போடணும். ஆனா ஒண்ணு. இன்னைக்கு நீங்க சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஊசி போட்டாச்சுன்னு தைரியமா இருந்திருப்பாங்க."

அக்கா அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிம்மதியில் அழுதார் என்று நினைத்தோம். அப்படி இல்லை. யாருக்கும் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதுதான் அவரை உலுக்கிவிட்டது.

இரண்டாம் அறையில் இருந்த ஊசி மருந்து முழுவதையும் அழிக்க வேண்டியதாயிற்று. குழந்தைகள் திரும்ப வந்து ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒரு தாய் கிளினிக்கில் நின்று எங்கள் நிறுவனத்தையே காய்ச்சி எடுத்தாராம். அவர் என்ன சொன்னார் என்று அக்கா வரிக்கு வரி கேட்டுத் தெரிந்துகொண்டார். அது நியாயம்தான் என்றார்.

மேலாளர் சொன்னபடியே திட்டினார், அரைநாள் விடாமல். அது முடிந்ததும் அக்கா ராஜினாமாவை நீட்டினார். மேலாளர் அதை வாங்கவில்லை.

"நீங்க போனா அடுத்து ஒருத்தர் வருவாரு. இதே தப்பை முதல்லேருந்து பண்ணுவாரு. என்னால இன்னொரு தடவை தாங்க முடியாது. போய் அந்தப் பெட்டியைப் பேச வைங்க."

அது சுலபமாக நடக்கவில்லை. புது சர்வர் பாஸ்வேர்டு கேட்டது, அந்தப் பழைய பெட்டிக்குப் பாஸ்வேர்டு சொல்லவே தெரியாது. புது சர்வரின் பூட்டைத் தளர்த்திவிடலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அக்கா பதறிப்போய் மறுத்துவிட்டார். நடுவில் சின்னதாக இன்னொரு கணினியை வைத்து, கட்டடத்துக்குள் இருக்கும் இயந்திரங்கள் சொல்வதை மட்டும் அது வாங்கி, முறைப்படி புது சர்வரிடம் ஒப்படைக்கும்படி செய்தார். இரண்டு வாரம் போனிலேயே வகுப்பாசிரியரின் உயிரை எடுத்துத்தான் அதை முடித்தார்.

பிறகு கட்டடம் முழுக்கச் சுற்றினார். ஜெனரேட்டர், வாசல் கேமரா, ஸ்கேனர், கிடங்குத் தராசு என்று எதையும் விடாமல், கம்பி நுழையும் எல்லாவற்றின் முன்னும் நின்று, "இது யார்கிட்டயாவது பேசுதா?" என்று கேட்டார். தராசு ஒன்று எப்போதோ ஓய்வு பெற்றுப் போனவருக்குத் தினமும் மெயில் அனுப்ப முயன்றுகொண்டிருந்தது தெரியவந்தபோது மட்டும் நாங்கள் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

அவர் இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறார். திங்கட்கிழமை காலையில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரறைக்குள் போவார். சுவரிலிருந்து தொங்கும் வெப்பம் அளக்கும் கம்பியின் நுனியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நிற்பார். கைச்சூட்டில் அளவு ஏறும், பெட்டி கத்தும், குளிரறைக்காரருக்கும், இப்போது மேலாளருக்கும், மெயில் கிளம்ப வேண்டும். கதவுக்கு வெளியே குளிரறைக்காரர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை நானும் கூடப் போனேன். மெயில் வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமானது. அக்காவின் உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தது, குளிராலா வேறு எதனாலா என்று சொல்ல முடியவில்லை.

"வந்துடுச்சுக்கா!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"உனக்கு வந்துச்சு. சாருக்கு வந்துச்சான்னு கேளு" என்றார், கையை எடுக்காமலே.